பதினாறு படிவங்கள்

போன வாரம் கோகிலா கூப்பிட்டாள். ஈப்போவுக்கு வெளியே நான் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையின் கிளினிக்கில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். நிர்வாகம் புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறதாம். வேலைக்கு வருகிறவர்கள் கைப்பேசியால் ஒரு கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டு மூன்று முகங்கள் வரும். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். ஒன்றை அமுக்கிவிட்டு உள்ளே போகலாம். ஒரு மாதமாக எல்லாருமே சிரிக்கிற முகத்தைத்தான் அமுக்குகிறார்களாம். மேலிடத்துக்கு ரொம்பச் சந்தோஷம். கோகிலாவுக்கு மட்டும் உறுத்தியிருக்கிறது. ஒருத்தருக்குக்கூடவா பிரச்சினை இல்லை, கோவிட் காலத்தில் நீங்கள் இதை எப்படிக் கேட்டீர்கள் அக்கா என்றாள்.

நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாள், போங்கள். அந்தக் கேள்வியை நான் எவ்வளவு லட்சணமாகக் கேட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. அதனால் ஒரு மனிதனின் வேலையும் உயிரும் எந்த நிலைக்குப் போயின என்பதும் தெரியாது. போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில். அங்கே விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். காய்ச்சலோ, வயிற்று வலியோ, புருஷன் பெண்டாட்டிச் சண்டையோ, பெரட்டில் வந்து நின்றுவிட்டால் ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். நிற்காதவன்தான் சீக்காளி. பிறகு மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். நாங்கள் லயத்து வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். எஸ்டேட்டில் இருந்த எதையும் நான் பெரிதாகத் தேடியதில்லை. ஆனால் அந்தப் பெரட்டுப் புத்தி மட்டும் என் மண்டையை விட்டுப் போகவில்லை.

தொழிற்சாலையில் முதல் பன்னிரண்டு வருடம் கையுறை உரித்தேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பீங்கானில் செய்த கைகள் ஒரு நீளச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும்; அதைத்தான் லைன் என்போம். ரப்பர்ப் பாலில் முங்கி, அடுப்புக்குள் போய் வெந்து, எங்கள் முன்னால் ஒவ்வொன்றாக நகரும். அதன் மேல் இருக்கிற கையுறையை உருவிக் கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கை, கை, கை என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். பிறகு ஒரு வாரம் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கட்டுப் போடவும் மயங்கி விழுந்தவனை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும் கற்றுக்கொண்டு, பேட்ஜைக் குத்திக்கொண்டு கிளினிக்கில் உதவியாளராகப் போய் உட்கார்ந்தேன். என் படிப்பு அங்கேயே முடிந்தது.

கிளினிக்குக்கு மேலதிகாரி தாதி சிவகாமி. இங்கே தாதியை மிசி என்றுதான் கூப்பிடுவோம். மிசியின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். வீடு முழுக்கப் படித்தவர்கள். எங்கள் எஸ்டேட் ஜனங்களுக்கு அந்த வீட்டுக்காரர்கள் மேல் ஒரு பயம், கொஞ்சம் பொருமல். மிசி சிரிக்க மாட்டார், வம்பு பேச மாட்டார், தேநீரில்கூடச் சீனி போட மாட்டார். "சீனியே இல்லாத மிசி" என்று முதுகுக்குப் பின்னால் நான் வைத்த பேர் லைன் முழுக்கப் பரவியிருந்தது. அவருக்கும் அது தெரியும் என்று பிற்பாடு தெரிந்தது.

அவர் நோயாளியைப் பார்க்கிற முறையே தனி. மேசைக்கு எதிரே உட்கார வைக்க மாட்டார். பக்கத்தில் நாற்காலி போடுவார். என்ன செய்கிறது என்று கேட்க மாட்டார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நாடி பார்ப்பார். கால் நிமிடம் பார்த்து நான்கால் பெருக்கினால் போதும் என்று எனக்குப் பயிற்சியில் சொன்னார்கள். ஒரு நாள் அதை அவரிடமே கேட்டு வைத்தேன். "அந்த மிச்ச முக்கால் நிமிசத்திலதான் சனம் கதைக்கத் தொடங்கும், லெட்சுமி" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. வேலையை இழுத்தடிக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு கோவிட் வந்தது. ஊரெல்லாம் கடையை மூடியபோது எங்கள் தொழிற்சாலை மட்டும் முன்னைவிட வேகமாக ஓடியது. உலகமே கையுறை கேட்டது. வீட்டுக்குப் போய் வந்தால் நோய் கொண்டுவந்துவிடுவார்கள் என்று லைனில் நிற்கிறவர்களை விடுதியில் தங்க வைத்தார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. எங்கள் ஆட்கள், நேப்பாளிகள், வங்காளதேசிகள் எல்லாரும் பஸ்ஸில் வந்து ஒரே நேரத்தில் கேட்டில் இறங்குவார்கள். நான் முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டுக்கொண்டு, வெப்பமானியைத் துப்பாக்கி மாதிரி நெற்றியில் பிடிப்பேன். ஒரு பீப். அடுத்த ஆள். மிசியின் அந்த ஒரு நிமிடம் அரை நொடி ஆகிப்போனது.

கூடவே ஒரு படிவம். மலாயில் இருக்கும். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, நோயாளி யாருடனாவது தொடர்பு உண்டா. இரண்டாவது வருடம் படிவத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள்: மன உளைச்சல் உண்டா, இல்லையா. வெப்பத்தை எழுதி, எல்லாவற்றுக்கும் நான் டிக் போட வேண்டும். தொழிலாளி கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவார்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் கேட்டேன். "ஓகேவா?" என்பேன். "ஓகே லா அக்கா" என்பார்கள். முந்நூறு தடவை ஓகே லா. வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. ஷிப்டு தாமதமாகிறது என்று உற்பத்தி மேலாளர் மிஸ்டர் லிம் கேட்டுக்கே வந்து கத்தினார். மூன்றாம் நாள் சாயங்காலம், தேநீர் நேரத்தில், மறுநாள் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று என் பச்சைப் பேனாவால் டிக் போட்டு முடித்தேன். காலையில் வெப்பம் மட்டும் எழுதினால் போதும். வரிசை சிட்டாய்ப் பறந்தது. மிஸ்டர் லிம் என்னைப் பாராட்டினார். வேலைக்கு வந்து நிற்கிறவன் நன்றாகத்தானே இருக்கிறான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கும் சமாதானம். தினமும் அப்படியே செய்தேன்.

ஆறுமுகம் நான்காம் லைனில் கையுறை உரிக்கிறவன். ஐம்பதை நெருங்கிய ஆள். வீடு ஈப்போவிலேயே புந்தோங்கில், மனைவியும் ஒரு மகளும். அம்மா தெலுக் இந்தானில் அக்கா வீட்டில். ஒரே மகன் அவன். லைனில் வாய் ஓயாது. என்னை "டாக்டரம்மா" என்று கிண்டல் செய்வான். கேட்டுக்குப் பக்கத்தில் காவலாளி அறையோடு ஒட்டி ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் அவன்தான் சூடம் கொளுத்துவான். எல்லார் நெற்றியிலும் பட்டை அடித்துவிட்டுத்தான் உள்ளே விடுவான்.

அந்த மாதம் அவன் ஓவர்டைம் எதையும் விடவில்லை. ஓய்வு நாளிலும் வந்து நின்றான். "பார், இவன்லா மனுசன்" என்று மற்றவர்களுக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பேச்சு குறைந்திருந்தது. முகக்கவசம் போட்டால் யார்தான் பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு வெள்ளிக்கிழமை அவன் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. காவலாளி தட்டில் வைத்திருந்த திருநீற்றைத் தொடாமல் தலையைக் குனிந்துகொண்டு போனான். முந்தின மாதம் கூட்டம் சேர்க்காதே என்று காவலாளி அவனைத் திட்டியிருந்தார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, ரோஷக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அடி லெட்சுமி, எஸ்டேட்டில் பிறந்தவள் நீ. திருநீறு எடுக்காத ஆளைப் பார்த்தால் முதலில் என்ன நினைக்க வேண்டும் என்று உனக்கா தெரியாது?

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நான்காம் லைன் நின்றது. சிவப்புப் பொத்தானை யாரோ அமுக்கிவிட்டார்கள். கை ஏதும் மாட்டினால் ஒழிய அதை அமுக்கக்கூடாது. சங்கிலி நின்றால் அடுப்புக்குள் இருக்கிற சரக்கு முழுக்கக் கருகிவிடும். முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தம் இல்லை, காயம் இல்லை. பொத்தானுக்குப் பக்கத்தில் ஆறுமுகம் நின்றுகொண்டிருந்தான். முன்னால் தொங்குகிற பீங்கான் கை ஒன்றைத் தன் கையால் பிடித்தபடி. அது சூடு. விடு என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. நானும் இன்னொருவனும் விரல்களைப் பிரித்து எடுத்து, கிளினிக்குக்கு நடத்திக்கொண்டு வந்தோம்.

மிசி பக்கத்தில் நாற்காலி போட்டார். உள்ளங்கையைத் தண்ணீரில் பிடிக்கச் சொன்னார். எப்படி இருக்கிறது என்று நான்தான் கேட்டேன். "ஓகே லா அக்கா" என்றான். எனக்கு அப்போதும் அது போதும் போலத்தான் இருந்தது. மிசி அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடம் போனது. பிறகு, மூச்சு வாங்குகிறது, முகக்கவசத்தை இறக்குங்கள் என்றார்.

இறக்கினான். அதற்குள் தாடி.

தினமும் சவரம் செய்து பவுடர் போட்டுக்கொண்டு வருகிற ஆள். கன்னமெல்லாம் நரையும் கருப்புமாக இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட தாடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவன் அத்தனை நாளும் என் கண் முன்னாலேயே ஒரு சாவைத் துணிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான். தாடியும் தொடாத திருநீறும் எனக்கு அந்த நொடியில் சேர்ந்தன. கருமாதி முடியும் வரைக்கும் எங்கள் ஆண்கள் முகத்தில் கத்தி வைக்க மாட்டார்கள், கோயில் படி மிதிக்க மாட்டார்கள்.

"யாருப்பா?" என்றேன்.

"அம்மா" என்றான்.

பிறகு கொட்டிவிட்டான். அம்மாவுக்குக் கோவிட். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அக்கா வீட்டில் எல்லாருக்கும் நோய், யாரும் வெளியே வர முடியாது. மாவட்டம் தாண்ட அனுமதிச் சீட்டு வாங்கலாம்தான். ஆனால் வாங்கினால் தொழிற்சாலைக்குத் தெரியும். போய் வந்தால் தன்னோடு அறையில் இருக்கிற பதினோரு பேரையும் தனிமைப்படுத்துவார்கள். முந்தின மாதம் அப்படி ஓர் அறையைப் பூட்டியபோது காரணமானவனை மற்றவர்கள் எப்படி ஏசினார்கள் என்று பார்த்திருக்கிறான். அதனால் வாயைத் திறக்கவில்லை; அறையில் தாடியைப் பற்றிக் கேட்டவர்களிடம் சவரம் பண்ண நேரமில்லை என்றான். மனைவியையும் சொல்லக்கூடாது என்று தடுத்துவிட்டான். கவச உடை போட்ட யாரோ எரித்தார்கள். இவன் விடுதிக் கழிவறையில் நின்று கைப்பேசியில் பார்த்தான். கொள்ளி வைக்கப் பிறந்த ஒரே மகன். மறுநாள் காலை பஸ் ஏறி வேலைக்கு வந்து, நான் டிக் போட்டு வைத்திருந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

"இன்னைக்குப் பதினாறாவது நாளு அக்கா. காலையிலேர்ந்து கை கையா வருது. அம்மா கையை நான் கடைசியா ஒரு வாட்டிகூடப் புடிக்கல" என்றான்.

நான் என் கையுறையைக் கழற்றிவிட்டு அவனுடைய புண்படாத கையைப் பிடித்துக்கொண்டேன். கோவிட் காலத்தில், அதுவும் கையுறைத் தொழிற்சாலையில், அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. மிசி பார்த்தார். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. குரலை உயர்த்தாமல், காய்ச்சல் உண்டா என்று கேட்கிற அதே குரலில், "உங்களுக்குச் செத்துப்போகலாம் எண்டு நினைப்பு வருதா?" என்றார். எங்கள் பக்கம் அந்த வார்த்தையை அப்படி வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் நடந்துவிடும் என்று பயம். நான் மிசியின் தோளைத் தொடப் போனேன். ஆறுமுகம் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவன் மாதிரி இருந்தது.

"வருது மிசி. இன்னைக்கு நாளை முடிச்சிட்டா அப்புறம் எனக்கு என்னா இருக்குன்னு தோணுது."

மிசி பதறவில்லை. சொன்னதற்கு நன்றி என்றார். இனி ஒரு நிமிடம்கூட அவனைத் தனியாக விடக்கூடாது, கழிவறைக்குப் போனாலும் வாசலில் ஆள் நிற்க வேண்டும் என்று எனக்குச் சொன்னார். அவன் முன்னாலேயே அவன் மனைவிக்குப் போன் போட்டார், ஆஸ்பத்திரிக்குப் போட்டார். யாரிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று ஒவ்வொன்றையும் அவனிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் பேசினார். மறைவாக எதுவும் இல்லை. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். கான்டீனிலிருந்து சூடாக ஒரு கோப்பை மைலோ வரவழைத்துக் கொடுத்தார். அதில் சீனி அதிகமாகப் போடச் சொன்னவர் அவர்தான்.

அதற்குள் மிஸ்டர் லிம் வந்துவிட்டார். மிசி அவரை வாசலிலேயே நிறுத்தினார். அவர் கையில் ஆறுமுகத்தின் கோப்பு. காரணமில்லாமல் லைனை நிறுத்தினால் விசாரணை, விசாரணை என்றால் வேலை போகும். அது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். மிசி ஆங்கிலத்தில் விளக்கினார். மிஸ்டர் லிம் கோப்பைத் திறந்து அந்தப் பதினாறு நாள் படிவங்களையும் வெளி மேசையில் பரப்பினார். அம்மா இறந்த நாளிலிருந்து அன்றைக்கு வரை. பதினாறிலும் மன உளைச்சல் இல்லை என்று டிக், கீழே அவன் கையெழுத்து. இன்று காலைகூட இல்லை என்று எழுதியவனுக்கு மத்தியானம் எப்படி வந்தது, நாடகம் ஆடுகிறான் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காகிதம் அப்படித்தான் சொன்னது.

மிசி ஒரு படிவத்தை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். எல்லா டிக்கும் ஒரே சாய்வு, ஒரே பச்சை. பிறகு என் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தார். மிஸ்டர் லிம்முக்குப் போன் வந்து அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது என் அருகில் வந்து, "நீங்கள் சொல்லுறீங்களா, நான் சொல்லட்டோ?" என்றார்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. கடைசி மகள் தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே அவன் சீனி போட்ட மைலோவைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா போய்விட்டாள், இப்போது வேலையும் போனால் அவன் சொன்ன அந்த "என்னா இருக்கு" என்பது நிஜமாகிவிடும். அதைச் செய்தது என் பேனா. மிஸ்டர் லிம் போனை வைத்ததும் அவர் முன்னால் போய் நின்று, மலாயில், அந்த டிக்கெல்லாம் நான் முந்தின நாளே போட்டு வைத்தவை, அவனை நான் ஒரு நாளும் கேட்கவில்லை என்று சொன்னேன்.

இவனுக்கு மட்டுமா என்று கேட்டார். எல்லாருக்கும் என்றேன்.

மேசையில் கிடந்த படிவங்களை ஒரு முறை பார்த்தார். பிறகு, "என்னுடையதையுமா?" என்றார்.

"ஆமா போஸ்."

மேலாளர்களும் அதே கேட்டில் அதே படிவத்தில்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வருவார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அவர் ஒரு மாதமாக வீட்டுக்குப் போகாமல் ஆபீஸ் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிவங்களை அடுக்கிக் கோப்பில் வைத்தார். லைனை நிறுத்தியதற்கு உடல்நலக் காரணம் என்று எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். வாங்க வேண்டியதைத்தான் வாங்கினேன்.

ஆறுமுகம் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், பிறகு வீட்டில் மருந்து. பாதை திறந்ததும் மனைவி மகளோடு தெலுக் இந்தான் போய், அக்கா வாங்கி வைத்திருந்த சாம்பலை ஆற்றில் கரைத்துக் கருமாதி செய்தான். நாள் தப்பிப்போனால் என்ன, செய்ய வேண்டியது செய்தாகிவிட்டது. அன்றைக்குத்தான் தாடியை எடுத்தான்.

கேட்டுப் படிவத்தில் இருந்த அந்தக் கடைசி வரியை மிசி எடுக்கவைத்தார். அதற்குப் பதிலாக என்னிடம் மூன்று கேள்வி கொடுத்தார். நேற்று எத்தனை மணிக்குக் கண் மூடினாய், காலையில் என்ன சாப்பிட்டாய், நேற்று யாரோடு பேசினாய். இதற்கு ஓகே லா என்று பதில் சொல்ல முடியாது பார். எல்லாரையும் தினமும் கேட்க நேரமில்லை. ஒரு நாளைக்கு ஒரு பஸ் என்று பிரித்துக்கொண்டோம். கோகிலா, உனக்கு வேண்டியது இதுதான் என்றால் எடுத்துக்கொள். ஆனால் கேள்வியைவிட, கேட்டுவிட்டு நிற்பதுதான் கஷ்டம்.

இரண்டு மாதம் கழித்து ஆறுமுகம் வேலைக்குத் திரும்பினான். கேட்டில் என் முன்னால் வந்ததும், யாரும் கேட்காமலே, முகக்கவசத்தைச் சட்டென்று இறக்கி மழித்த தாடையைக் காட்டினான். "பாத்துக்கங்க டாக்டரம்மா" என்றான். மூடுடா, கேமராவில் தெரியும் என்று கத்தினேன். மறுநாளும் அப்படியே. ஒவ்வொரு நாளும் இறக்குவான், நான் கத்துவேன், பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை அவன் அதை மெதுவாக இறக்கினான். இரண்டு நாள் முள்தாடி. நான் வெப்பமானியை உயர்த்தியிருந்தேன். பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். ஷிப்டுக்கு இன்னும் பத்து நிமிடம்.

"இன்னைக்கு ஓகே இல்லக்கா" என்றான்.

அந்தக் கேட்டில் என் காதால் அந்தப் பதிலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வெப்பமானியைக் கீழே வைத்தேன். பச்சைப் பேனாவை மூடிப் பையில் போட்டேன். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காவலாளி அறைக் கடிகாரத்தைப் பார்த்தேன். வரிசை நின்றது.